மூன்று லட்சத்துக்கு 11.6 மைல்

1996 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 44 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. பல் தேய்த்து, காபி குடித்து, 6.05க்கு டிரைவ்வேக்குப் போனேன். காரின் எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி உருவிப் பார்த்தேன். மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது. நான்கு டயரிலும் காற்று சரி. மைல் மீட்டர் 2,99,988.4. உள்ளே வந்து இவற்றை வண்டி நோட்டில் எழுதிவிட்டுக் குளிக்கப் போனேன்.

பதினோரு ஆண்டுகளாக எல்லாக் காலையும் இப்படித்தான். அன்று ஒரு வித்தியாசம் இருந்தது. அன்று சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. வண்டி நோட்டும் பூஜைக்குப் போய்விடும். விஜயதசமி காலையில் மறுபூஜை செய்து எடுக்கும்வரை அதைத் தொடக்கூடாது. ஆகவே அன்றைய மீதிக் குறிப்பை மறுநாள்தான் எழுத முடிந்தது. நேரங்களை மனதில் வைத்திருந்தேன். ஓரிரு இடங்களில் இரண்டு நிமிடம் முன்பின் இருக்கலாம்.

கார் 1977ஆம் வருடத்து ஜெர்மன் டீசல். நான் அதன் நிறத்தை ஐவரி என்று பதிவு செய்திருக்கிறேன். எங்கள் பெண் மஸ்டர்ட் என்பாள். 1985இல் வாங்கும்போதே 1,12,340 மைல் ஓடியிருந்தது. குளிர்நாளில் சாவியைப் பாதி திருப்பி, மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும். நான் இருபது எண்ணுவேன். அதற்குள் ஒரு சுலோகமே சொல்லி முடித்துவிடலாம் என்பாள் என் மனைவி. கிளம்பிவிட்டால் கிரைண்டரில் கொட்டைப்பாக்கு போட்டதுபோல ஒரு சத்தம் வரும். எடிசனில் எங்கள் தெருவில் நான் வருவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். நியூஜெர்சியில் நாமே எண்ணெய் போட்டுக்கொள்ள அனுமதி கிடையாது, பங்க்கில் இருப்பவர்தான் போட வேண்டும். அவர் பழக்கத்தில் பெட்ரோலைக் கையில் எடுப்பார். அதனால் நான் கீழே இறங்கி, 'டீசல்' என்று மூன்று முறை சொல்லி, குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் விடுவேன். ஒருவர் என்னைக் கண்டதும் அவரே மூன்று முறை சொல்லிவிடுவார்.

என் மனைவிக்கு மினிவேன் வேண்டும். அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஹீட்டர் ஓட்டுபவருடைய கால்களுக்கு மட்டும் வேலை செய்தது. பட்டுப்புடவையில் டீசல் வாசனை ஏறியது. ஃப்ரீவேயில் நுழையும்போது பின்னால் லாரி வந்தால், வண்டி வேகம் பிடிப்பதற்குள் அவள் பிள்ளையாரை மூன்று முறை கூப்பிட்டிருப்பாள்.

1993 ஜனவரி 1 அன்று நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வண்டி நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'வண்டி மூன்று லட்சம் மைல் ஓடியதும் அதைக் கொடுத்துவிட்டு மினிவேன் வாங்கப்படும்.' கீழே இருவருடைய கையொப்பம். அப்போது 2,41,016. அதற்கு முந்தைய மாதம்தான் எனக்கு மன்ஹாட்டனில் வேலை மாறியிருந்தது. இனி ரயில்நிலையத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து நாளைக்கு ஐந்து மைல்தான். வகுத்துப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் வந்தது. நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

அவளும் சந்தோஷமாகத்தான் போட்டாள். அதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

ஜனவரி 3ஆம் தேதி முதல் அவள் ஓட்ட ஆரம்பித்தாள். யார் ஊரிலிருந்து வந்தாலும் ஏர்போர்ட்டுக்கு நாங்கள்தான். முகம் தெரியாதவர்களுடைய மாமனாரைக்கூட அழைத்து வந்திருக்கிறோம். பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு வாரம் இருமுறை, ஆன்ட்டிகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போனாள். நடன டீச்சர் ஒருவர் எங்களுக்கு நாலு தெரு தள்ளி இருந்தார். அவருக்கு அபிநயம் போதாது என்று முடிவு செய்து, பெண்ணைப் பத்தொன்பது மைல் தள்ளி இருக்கும் டீச்சரிடம் சேர்த்தாள். ஒரு முறை கொத்தமல்லி வாங்கப் போனவள் அடுத்த மாநிலமான டெலவேர் வரைக்கும் போய் வந்தாள். அங்கே நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

நான் ரயில்நிலையத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். மழையிலும் நடந்தேன். கோயிலுக்குப் போகும் வழிகளை அளந்து 1.3 மைல் குறைவான ஒரு பாதையைக் கண்டுபிடித்தேன். அவள் அந்தப் பாதையில் போகவே இல்லை. பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் வண்டியில் ரிவர்ஸில் போனால் மைல் மீட்டரும் பின்னால் சுற்றும். அன்றிலிருந்து நான் டிரைவ்வேக்குள் பின்னோக்கித்தான் நுழைந்தேன். போகப் போக, தெருமுனையில் இருந்தே பின்னோக்கி வர ஆரம்பித்தேன். எங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அவள் பின்சீட்டில் படுத்துக்கொள்வாள்.

"இஃப் எனிபடி சீஸ் மீ, ஐ ஹேவ் டு சேஞ்ச் ஸ்கூல்ஸ்" என்பாள் அங்கிருந்தே.

இப்படியாக 2,99,988.4க்கு வந்து நின்றோம். இன்னும் 11.6 மைல். விஜயதசமியன்று மாலை நடன வகுப்புக்குக் கட்டாயம் போக வேண்டும், போக மட்டும் பத்தொன்பது மைல். வழியில் ஒரு மெத்தைக் கடை வாசலில் மூன்று லட்சம் விழும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆயுத பூஜை நாளில் மட்டும் வண்டியை எடுக்கக்கூடாது. எனக்கு அந்த ஒரு நாள் மிச்சம் இருந்தது.

காலை 9.15க்குப் பூஜை வேலை தொடங்கியது. புல்வெட்டி, மிக்ஸி, தையல் மெஷின், கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். என் டூல் பாக்ஸைத் திறந்து, ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், பிளையர் எல்லாவற்றையும் அளவு வரிசைப்படி சாமி முன்னால் பரப்பினேன். எங்கள் பெண் கணக்குப் புத்தகத்தைத் தானாகவே கொண்டுவந்து அடியில் வைத்தாள். ஆங்கிலப் புத்தகத்தையும் வைத்தாள். திங்கட்கிழமைக்கு ஒரு ஹோம்வொர்க் இருக்கிறதே, அதை மட்டும் முடித்துவிட்டு வைக்கட்டும் என்று நான் சொன்னேன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

"பூஜையில வச்சது வச்சதுதான். நாளைக்குக் காலையில எடுக்கறவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றாள்.

வண்டி நோட்டைச் சிவப்புத் துணியில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

11.10க்கு டிரைவ்வேக்கு வந்தோம். காருக்கு மாலை, சந்தனம், குங்குமம். நான்கு டயர்களுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கும் வேலை என்னுடையது. நான் டயர்களுக்குப் பின்னால் வைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான்கையும் எடுத்து முன்னால் வைத்தாள். கற்பூரம் காட்டும்போது இன்ஜினைக் கிளப்பி ஹார்ன் அடிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். இருபது எண்ணிக் கிளப்பினேன். ஹார்ன் அடித்தேன். ஆரத்தி முடிந்தது. சாவியைத் திருப்பி, உருவி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

டீசல் வண்டி பெட்ரோல் வண்டிபோல அல்ல. சாவியைத் திருப்பினால், ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத்தான் இன்ஜினுக்கு நிற்கச் சொல்லி உத்தரவு போகும். குழாய் கழன்றுகொண்டால் உத்தரவு போகாது. இது எனக்குத் தெரியும். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது, விரலால் அழுத்தினால் நின்றுவிடும். இதுவும் தெரியும். பானெட்டைத் திறக்கும் பிடியை இழுத்தேன். பிடி கையோடு வந்துவிட்டது. உள்ளே கம்பி முனை கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. பிளையரால் பிடித்து இழுத்தால் ஒரு நொடி வேலை. பிளையர் சரஸ்வதி முன்னால் இருந்தது.

மனைவியைப் பார்த்தேன். "தொடக்கூடாது" என்றாள். காலையில் பெண்ணிடம் சொன்னது அவளுக்கும் காதில் ஒலித்திருக்கும்.

முந்தின நாள்தான் டேங்க் நிரப்பியிருந்தேன். நின்ற இடத்தில் ஓடினால் மணிக்குக் கால் காலன். பதினேழு காலன். புதன்கிழமை காலை ஏழே கால் வரைக்கும் ஓடும் என்று சொன்னேன். இன்னொரு வேதனையை நான் வெளியே சொல்லவில்லை. பதினோரு வருடமாக ஒரு காலனுக்கு எத்தனை மைல் என்று இரண்டு தசமம்வரை கணக்கு வைத்திருக்கிறேன். அந்தச் சராசரி என் கண்ணெதிரே, நகராமல் நின்றபடி, விழுந்துகொண்டிருந்தது.

மனைவி வேறு ஒரு யோசனை சொன்னாள். வண்டி தானாகவே ஓடுகிறது, நாம் ஓட்டவில்லை, அம்பாளுக்கே ஒரு பன்னிரண்டு மைல் போய்வர ஆசையாக இருக்கலாம் என்றாள்.

உள்ளே போய் நண்பர்களுக்குப் போன் செய்தேன். முதலாமவர் பிளையர் பூஜையில் இருப்பதாக வருத்தப்பட்டார். இரண்டாமவர் இரண்டு பிளையர் வைத்திருந்தார், இரண்டுக்கும் குங்குமம் வைத்தாகிவிட்டது. மூன்றாமவர் வயதில் பெரியவர், இருதய டாக்டர்.

"பிளையர், ஸ்டெதஸ்கோப் எல்லாம் அம்பாள்கிட்டதான் இருக்கு சார். இன்னைக்கு நெஞ்சு வலின்னாகூட நான் காது வச்சுத்தான் கேக்கணும்" என்றார். பிறகு சுண்டல் சாப்பிட வரச் சொன்னார்.

நாலு வீடு, ஆறு வீடு என்று பார்த்துவிட்டேன். எங்களுக்குத் தெரிந்தவர்கள் வட்டத்தில் அன்று வேலை செய்யும் நிலையில் ஒரு பிளையர் இல்லை.

12.05க்குப் பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்தார். இத்தாலிய வம்சம், பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்து நாலு வருடம். வண்டி ஐம்பது நிமிடமாக வாசலில் உறுமுகிறதே, அதற்கு ஏன் மாலை போட்டிருக்கிறது, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். விளக்கினேன். எங்கள் வீட்டுப் பிளையர்களுக்கு இன்று விடுமுறை என்பதை அவர் உடனே புரிந்துகொண்டார். என் மனைவிக்கு அது ஆச்சரியமாக இருந்தது. உள்ளே போய்க் கணவருடைய சிவப்பு டூல் பாக்ஸைக் கொண்டுவந்தார். அதிலிருந்து மூக்கு நீண்ட ஒரு பிளையரை எடுத்து, குனிந்து, கம்பியை இழுத்து, பானெட்டைத் தூக்கி, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். இன்ஜின் நின்றது. தெருவில் பறவைச் சத்தம் கேட்டது.

மனைவி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

ஆனால் அந்த அம்மாளுக்குப் பிளையரைப் பார்த்ததும் ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. இதே பிளையரால்தான் தன் கணவர் எங்கள் மைல் மீட்டரைச் சரிசெய்தார் என்று என் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தார். நீங்களும் குழந்தையும் இந்தியா போயிருந்தபோது இவர் தனியாக டெக்ஸாஸ் போய் வந்தாரே, போன வழி வந்த வழி எதிலும் எண் நகரவே இல்லை என்று இதே இடத்தில் அழாத குறையாக நின்றார், பாவம்.

மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"டெக்ஸாஸ் எவ்வளவு தூரம்?"

நோட்டில் இருக்கிறது என்றேன்.

"நோட்டு எங்க இருக்கு?"

பூஜையில் இருக்கிறது என்றேன். எடுக்கலாமா என்று கேட்டேன். அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலருகே எங்கள் பெண் நின்றுகொண்டிருந்தாள், ஹோம்வொர்க் இல்லாத முகத்தோடு.

"நாளைக்குக் காலையில பார்த்துக்கறேன்" என்றாள் மனைவி.

எனக்கு மறந்துபோயிருந்தது என்று எழுதினால் அது பொய். 1988இல் ஹூஸ்டனுக்குப் போய் வந்ததில், மீட்டர் எண்ணாமல் விட்டது 3,412 மைல். வரைபடத்தின் மேல் நூல் வைத்து அளந்து அன்றே எழுதியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் மூன்று லட்சம் மைல் ஓடியதும் என்றுதான் இருக்கிறது, மீட்டர் காட்டியதும் என்று இல்லை. அதாவது, மூன்று லட்சம் எப்போதோ தாண்டிவிட்டது. அந்த நாளும் எனக்குத் தெரியும். அதையும் எழுதி வைத்திருந்தேன். எழுதாமல் இருக்க எனக்கு வராது. பத்து வாரமாக அந்தப் பக்கம் கண்ணில் படாமல் நோட்டைப் புரட்டி வந்தேன். இப்போது அது சிவப்புத் துணிக்குள், சுண்டலுக்கும் வாழைப்பழத்துக்கும் பின்னால், பொழுது விடிவதற்காகக் காத்திருந்தது.

அன்று மதியம் வடை, பாயசம். எனக்கு இரண்டு வடைக்கு மேல் இறங்கவில்லை. மனைவி மிகவும் அன்பாகப் பரிமாறினாள். அது பயமாக இருந்தது. எழுத முடியாததால் பொழுது போகவில்லை. 9.30க்குப் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 21, திங்கட்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். பூஜை அலமாரி முன்னால் விளக்கு எரிந்தது. மனைவி குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கால்குலேட்டர்.

அதை நேற்றுப் பூஜையில் வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"மறந்துட்டேன்" என்றாள்.

கற்பூரம் காட்டி, சரஸ்வதி படத்தை வழக்கப்படி சற்று வடக்கே நகர்த்தி, சிவப்புத் துணியை அவிழ்த்து நோட்டை என் கையில் கொடுத்தாள். படிக்கச் சொன்னாள். டெக்ஸாஸ் பக்கத்தைப் படித்தேன். அவள் எண்களைத் தட்டினாள். 3,03,400.4. கால்குலேட்டரை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு, உண்மையில் எந்த நாளில் தாண்டியது என்று கேட்டாள்.

கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்திருக்கலாம். நானேதான் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். ஆகஸ்ட் 11, ஞாயிறு. "உண்மைக் கணக்கில் இன்று காலை 10.52க்கு 3,00,000.0. யாரிடமும் சொல்லவில்லை. பள்ளி மைதானத்தில் பின்னோக்கி 0.6 மைல் ஓட்டினேன். 2,99,999.4. வீடு திரும்பும் வழியில் மறுபடி தாண்டியது."

நோட்டை வாங்கி அவளே ஒரு முறை படித்தாள். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். அவள் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் ஆரம்பித்து, பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெண் எழுந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டு, "கேன் யூ கைஸ் பி நார்மல்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுக்கப் போனாள்.

"அரை மைல் ரிவர்ஸ்ல போய் என்னங்க சாதிச்சீங்க?" என்றாள் மனைவி, மூச்சு வந்ததும்.

"அரை மைல் இல்ல. 0.6."

"சரி, 0.6. என்ன சாதிச்சீங்க?"

"பதினோரு நிமிஷம். பதினோரு நிமிஷம் அது மறுபடியும் மூணு லட்சத்துக்குள்ள இருந்துது."

அவள் துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேன் வாங்கறோம். அதுல பேச்சே இல்ல."

சரி என்றேன்.

"இது ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வரட்டும். என்னை இதுல ஏறச் சொல்லக்கூடாது. நோட்டுல ஒரே நம்பர்தான் இருக்கணும். மீட்டருக்கு ஒண்ணு, மனசுக்கு ஒண்ணு கிடையாது."

விஜயதசமியில் முதல் எழுத்து. பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே 3,03,400.4 என்று எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பிறகு குங்குமம் காயாத என் பிளையரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். 41 டிகிரி. பானெட் பிடியைக் கம்பியில் மாட்டி நெரித்தேன், கழன்ற ரப்பர் குழாயைச் செருகினேன். நிமிர்ந்தபோது மனைவி ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள், தலையில் துண்டோடு. முதன்முதல் கிளப்பி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதும் அவர்கள் வீட்டு வழக்கம்தான். டயர்களைப் பார்த்தேன். பழங்கள் முன்னால் இல்லை. நான்கும் பின்னால் இருந்தன.

அவள் இருபது எண்ணியது கண்ணாடி வழியாக உதட்டசைவில் தெரிந்தது. கிளப்பினாள். ரிவர்ஸ் போட்டாள். வண்டி கராஜ் பக்கமாக மெல்லப் பின்வாங்கியது. நான்கு பழமும் ஒரே சத்தமாக நசுங்கின. சாவியைத் திருப்பினாள். உடனே நின்றது.

நான் நோட்டை பானெட்டின் மேல் வைத்து எழுதினேன்: பின்னோக்கி, இரண்டு அடி.